ஆட்டாப்சி: மின்னணுத் தடயவியலில் கால்வைப்பவர்களுக்கு ஓர் இலவச மென்பொருள்

குற்றவியல் நீதித் துறையில் நுழைய விரும்பும் இளைஞர்கள் முதலில் கேட்பது, எந்தச் சான்றிதழ்ப் படிப்பில் சேரலாம் என்பதுதான். எதிலும் சேர்வதற்கு முன், கைப்பற்றிய வட்டுகளில் உள்ளதை ஆராய உதவும் ஆட்டாப்சி என்ற இலவச மென்பொருளைக் கணினியில் நிறுவி, பயிற்சிக்கென்றே பொதுவில் வைக்கப்பட்டுள்ள ஒரு வழக்கைத் தொடக்கம் முதல் அறிக்கை வரை அதில் முடித்துப் பாருங்கள் என்பதே என் பதில். புலனாய்வாளராக விரும்புபவர், ஆய்வகப் பணியை நாடுபவர், அரசுத் தரப்பிலோ எதிர்த்தரப்பிலோ வாதாட நினைப்பவர் என எவருக்கும் இதையே சொல்கிறேன். கைப்பற்றிய பொருட்களின் பட்டியலில் கைப்பேசியோ மடிக்கணினியோ இல்லாத வழக்கு இன்று அரிதாகிவிட்டது. அவற்றுக்குள் இருப்பதை எப்படி எடுத்தார்கள், எடுத்ததை வைத்து எதுவரை சொல்லலாம், எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது தெரியாதவர் குறுக்கு விசாரணையின் முதல் சில கேள்விகளிலேயே தடுமாறிவிடுவார்.

ஆட்டாப்சியின் அடித்தளம் 'தி ஸ்லூத் கிட்' என்னும் கட்டளைவரிக் கருவித் தொகுப்பு. இரண்டையும் உருவாக்கியவர் பிரையன் கேரியர். கட்டளைகளைத் தட்டச்சு செய்து பெற வேண்டிய விவரங்களை மரக்கிளை போன்ற பட்டியலாகவும் அட்டவணையாகவும் காட்டுவதே ஆட்டாப்சியின் வேலை. மூல நிரல் திறந்தே இருப்பதால், ஒரு முடிவை இந்த மென்பொருள் எப்படி எட்டியது என்று கேள்வி எழும்போது நிரலையே எடுத்துப் பார்த்துச் சரிபார்க்க வழியிருக்கிறது. ஆய்வகங்கள் பெரும் பொருட்செலவில் வாங்கும் வணிக மென்பொருட்களில் இந்த வசதியை எதிர்பார்க்க முடியாது. கற்பவருக்கு இலவசம் என்பதைவிட இதுவே பெரிய ஆதாயம் என்று நான் கருதுகிறேன்.

மென்பொருளைத் திறந்ததும் அது வழக்கின் பெயரையும், விரும்பினால் வழக்கு எண்ணையும் ஆய்வாளர் பெயரையும் கேட்கிறது. அடுத்ததாக ஆராய வேண்டிய வட்டுப் படிமத்தைச் சேர்க்கச் சொல்கிறது. படிமம் என்பது மூல வட்டின் ஒவ்வொரு பிட்டையும் அப்படியே எடுத்த நகல். மூல வட்டை நேரடியாகத் திறந்து பார்ப்பதில்லை என்பது இத்துறையின் பாலபாடம். நகலெடுக்கும்போதும் வட்டில் ஓர் எழுத்துகூடப் பதியாமல் தடுக்கத் தனிக் கருவி பயன்படுத்துவார்கள். படிமத்தைச் சேர்க்கும்போதே அதன் ஹாஷ் மதிப்பை, அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்டுப் பெறும் கைரேகை போன்ற குறியீட்டை, உள்ளிடவும் இடமிருக்கிறது. நகலெடுத்த நாளில் கணக்கிட்ட மதிப்பும் ஆய்வு நாளில் கணக்கிட்ட மதிப்பும் ஒத்துப்போனால், இடைப்பட்ட காலத்தில் படிமத்தில் எந்த மாற்றமும் நிகழவில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். ஹாஷ் கணக்கிடும் முறைகளில் ஒன்றான எம்டி5-இல் இருவேறு கோப்புகளுக்கு ஒரே மதிப்பு வரச்செய்ய முடியும் என்பது 2004-இல் செய்து காட்டப்பட்டது. எனவே ஷா-256 என்ற இன்னொரு முறை தரும் மதிப்பையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளும் பழக்கம் தொடக்கத்திலிருந்தே வேண்டும்.

அதே திரையில் நேர மண்டலத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் ஒரு பெட்டி இருக்கிறது. புதியவர்கள் பெரும்பாலும் அதைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமை (வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் ஏற்பாடு) நேரத்தை உலகப் பொது நேரத்தில் பதிகிறது; 1601 ஜனவரி 1-இலிருந்து நூறு நானோவினாடி அலகுகளாக எண்ணிக்கொண்டு வருவது அதன் முறை. பென் டிரைவ்களில் பரவலாகக் காணப்படும் ஃபேட் முறைமையோ கணினிக் கடிகாரம் காட்டிய உள்ளூர் நேரத்தை அப்படியே எழுதிவைக்கிறது. ஒரே வழக்கில் மடிக்கணினியும் பென் டிரைவும் கைப்பற்றப்பட்டு, நேர மண்டலம் தவறாகக் குறிக்கப்பட்டிருந்தால், கோப்பு நகலெடுக்கப்பட்ட நேரம் சில மணி நேரம் முன்னேயோ பின்னேயோ தள்ளிப்போகும். குற்றம்சாட்டப்பட்டவர் அந்த நேரத்தில் வேறிடத்தில் இருந்தார் என்பதே வழக்கின் மையமாக இருக்கும்போது, அந்த ஒற்றைப் பெட்டி எவ்வளவு கனமானது என்பது விளங்கும். இப்படி ஒரு முடிவைப் பயிலுநரின் கையிலேயே விடுவது இந்த மென்பொருளிடம் எனக்குப் பிடித்த அம்சங்களில் ஒன்று.

படிமம் சேர்ந்தபின் பகுப்பாய்வுக் கூறுகள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கும். உலாவி வரலாறு, இணைக்கப்பட்ட யுஎஸ்பி சாதனங்கள், மின்னஞ்சல்கள், ஒளிப்படங்களில் பொதிந்துள்ள கேமரா விவரங்கள், பெயரின் பின்னொட்டும் உள்ளடக்கமும் பொருந்தாத கோப்புகள் எனப் பட்டியல் நீள்கிறது. அமெரிக்க அரசின் தர நிர்ணய, தொழில்நுட்ப நிறுவனமான என்ஐஎஸ்டி வெளியிடும் தேசிய மென்பொருள் மேற்கோள் நூலகத்தின் ஹாஷ் பட்டியலை இணைத்துவிட்டால், இயங்குதளத்துக்கும் பரவலான மென்பொருட்களுக்கும் உரிய கோப்புகளை ஒதுக்கிவிட்டுப் பயனர் உருவாக்கியவற்றில் மட்டும் கவனம் செலுத்தலாம். அழிக்கப்பட்ட கோப்புகளின் மீது சிவப்புக் குறியிட்டுக் காட்டுகிறது. ஃபேட் முறைமையில் கோப்பை அழிப்பது என்பது, அடைவுப் பதிவில் பெயரின் முதல் பைட்டை மாற்றிவிட்டு அந்த இடம் காலி என்று குறிப்பதுதான். வேறொன்று அங்கே எழுதப்படும்வரை உள்ளடக்கம் இருந்த இடத்திலேயே இருக்கும். இதைச் சோதிக்கச் சொந்தப் பென் டிரைவ் ஒன்றே போதும்: சில கோப்புகளைப் போட்டு, அழித்து, படிமமெடுத்துப் பாருங்கள். பிறருடைய சாதனத்தில் பயிற்சி செய்வது, அவர் அனுமதித்தாலும், வேண்டாத வினை.

நேரமுத்திரைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆட்டாப்சி ஒவ்வொரு கோப்புக்கும் நான்கு நேரங்களைக் காட்டுகிறது. விண்டோஸில் ஒரு கோப்பை வேறிடத்துக்கு நகலெடுத்தால், நகலின் உருவாக்க நேரம் நகலெடுத்த நேரமாகவும், மாற்றிய நேரம் மூலக் கோப்பினுடையதாகவும் பதிவாகும். ஆகவே உருவாகும் முன்பே திருத்தப்பட்டதாக ஒரு கோப்பு தோன்றும். முதன்முறை பார்ப்பவர் யாரோ கடிகாரத்தைத் திருகியிருக்கிறார்கள் என்று முடிவுகட்டிவிடுவார். கடைசியாக அணுகிய நேரம் இதைவிட வழுக்கலானது. விஸ்டா பதிப்பிலிருந்து அதைப் புதுப்பிக்கும் வசதி இயல்பில் அணைத்தே வைக்கப்பட்டது. "இந்தக் கோப்பை அவர் அன்று திறந்தார்" என்று அந்த ஒரு நேரத்தை மட்டும் வைத்துச் சாட்சிக் கூண்டில் சொல்பவரை, விவரம் அறிந்த எதிர்த்தரப்பு வழக்கறிஞர் விட்டுவைக்க மாட்டார்.

கோப்புக்குள் ஒளிந்திருக்கும் சிறு தகவல் ஒரு வழக்கையே திருப்பியதும் உண்டு. அமெரிக்காவின் விச்சிட்டா நகரில் 1974 முதல் 1991 வரை பத்துப் பேரைக் கொன்றுவிட்டுப் பிடிபடாமல் இருந்த டென்னிஸ் ரேடர், 2005 பிப்ரவரியில் ஒரு ஃபிளாப்பி வட்டைத் தொலைக்காட்சி நிலையத்துக்கு அனுப்பினார். அதிலிருந்த, அழிக்கப்பட்ட வேர்ட் ஆவணத்தின் மெட்டாடேட்டாவில் (ஆவணத்தைப் பற்றி அதற்குள்ளேயே பதிவாகும் விவரங்களில்) ஒரு தேவாலயத்தின் பெயரும் 'டென்னிஸ்' என்ற பெயரும் கிடைத்தன. இக்கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். காவல்துறை நிறுத்தவில்லை. அவருடைய மகளின் பழைய மருத்துவப் பரிசோதனை மாதிரியிலிருந்து டிஎன்ஏ எடுத்து, குற்ற இடங்களில் கிடைத்ததோடு ஒப்பிட்ட பிறகே கைது நடந்தது. கணினித் தடயம் ஒரு பெயரைக் காட்டியது. அந்தப் பெயருக்குரியவர்தான் கொலையாளி என்பதை உறுதிசெய்ய வேறொரு துறை தேவைப்பட்டது.

மென்பொருளை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் கற்க முடியாது. ஆராய வழக்கு வேண்டும். என்ஐஎஸ்டி தன் தளத்தில் வைத்திருக்கும் ஹேக்கிங் வழக்குப் படிமம் நல்ல தொடக்கம். கைவிடப்பட்ட நிலையில் கிடைத்த ஒரு டெல் மடிக்கணினியின் படிமத்தையும் அதையொட்டிய கேள்விகளையும் கொடுத்திருக்கிறார்கள். முதல் கேள்வியே ஹாஷ் மதிப்பைப் பற்றியது. நேர மண்டலமும் கேட்கப்படுகிறது. பழைய விண்டோஸ் எக்ஸ்பி என்பதால் இன்றைய கணினிகளில் காணும் பல தடயங்கள் அதில் இல்லை என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். பயிற்சிப் படிமங்களை இலவசமாகத் தரும் டிஜிட்டல் கார்ப்போரா தளத்தில் உள்ள எம்57 ஜீன் வழக்கை இன்னும் உயர்வாக மதிப்பேன். ஒரு கற்பனை நிறுவனத்தின் ரகசிய விரிதாள் போட்டி நிறுவனத்தின் தளத்தில் வெளியாகிறது. நிதி அதிகாரி ஜீன், தலைவர் கேட்டதால் அனுப்பினேன் என்கிறார். தலைவர், நான் கேட்கவே இல்லை என்கிறார். விடையைச் சொல்லிக் கெடுக்க விரும்பவில்லை. கணினியிலிருந்து கோப்பு வெளியேறியது என்பதையும் அதை வெளியேற்றும் நோக்கம் அவருக்கு இருந்தது என்பதையும் வேறுபடுத்திப் பார்க்க வைக்கும் பயிற்சியாக இதைவிடச் சிறந்த ஒன்றை நான் பார்த்ததில்லை. சட்டம் படிப்பவர்கள் மற்றதை விட்டாலும் இதை விடக் கூடாது.

குறைகளும் இருக்கின்றன. விண்டோஸில் எளிதாக நிறுவலாம். லினக்ஸிலும் மேக்கிலும் நிறுவக் கூடுதல் உழைப்பு தேவை. பெரிய படிமத்துக்குச் சொற்தேடல் அட்டவணை உருவாக்க நினைவகமும் பொறுமையும் நிறைய வேண்டும். ஆண்ட்ராய்டு, ஐபோன் தரவுகளைப் படிக்கும் கூறுகள் உண்டென்றாலும், பூட்டிய கைப்பேசியிலிருந்து தரவை வெளியே எடுக்கும் கருவி இது அன்று. இயங்கும் கணினியின் தற்காலிக நினைவகத்தை (ரேம்) ஆராய வோலடிலிட்டி போன்ற வேறு மென்பொருளைத் தேட வேண்டும். எஸ்எஸ்டி வகை வட்டுகளில் டிரிம் என்ற ஏற்பாடு அழிக்கப்பட்ட இடங்களைத் தானாகவே துடைத்துவிடுவதால், பென் டிரைவில் கண்ட மீட்பு அதிசயத்தை அங்கே எதிர்பார்க்கக் கூடாது. அது மென்பொருளின் குற்றமும் அன்று. தமிழ் ஆவணங்களை ஆராய்பவர்களுக்கு ஒரு குறிப்பு: பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த உரை உள்ளே ஆங்கில எழுத்துகளாகவே பதிவாகியிருக்கும். யூனிகோடில் ஒரு பெயரைத் தேடி ஒன்றும் கிடைக்காவிட்டால், அந்தப் பெயர் ஆவணத்தில் இல்லை என்று பொருளாகாது.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது இந்த மென்பொருளின் எளிமை. பொத்தானை அழுத்தினால் முடிவு அட்டவணையாக வந்து நிற்கிறது. அட்டவணையில் வந்ததாலேயே அது உண்மை என்று மனம் ஏற்றுக்கொள்கிறது. 2011-இல் ஃபுளோரிடாவில் நாடே கவனித்த ஒரு கொலை வழக்கில், குளோரோஃபார்ம் பற்றிய இணையப் பக்கம் 84 முறை பார்க்கப்பட்டதாக அரசுத் தரப்பு சொன்னது. அந்த எண் உலாவி வரலாற்றை ஒரு மென்பொருள் பிழையாகப் படித்ததால் வந்தது. அந்தப் பக்கத்துக்குச் சென்றது ஒரே முறைதான் என்பது பின்னர் தெரியவந்தது. ஆட்டாப்சி தரும் முடிவுகளும் இத்தகைய ஐயத்துக்கு அப்பாற்பட்டவை அல்ல. முக்கியமான எந்த விவரத்தையும் அது எந்தக் கோப்பிலிருந்து, எந்தப் பதிவிலிருந்து எடுத்தது என்று போய்ப் பார்க்க வேண்டும். மூலக் கோப்புக்கே அழைத்துச் செல்லும் வசதியும், பைட்டுகளை அப்படியே காட்டும் பலகமும் அதிலேயே இருக்கின்றன. பயிலுநர்களில் பெரும்பாலோர் அந்தப் பலகத்தைத் திறப்பதே இல்லை.

மென்பொருள் உருவாக்கித் தரும் எச்டிஎம்எல் அறிக்கையையும் இதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும். அது குறியிட்ட கோப்புகளின் பட்டியல் மட்டுமே. நீதிபதி படிக்கும் அறிக்கையில் என்ன கேட்கப்பட்டது, எதை ஆராய்ந்தோம், எந்தப் பதிப்பு மென்பொருளைப் பயன்படுத்தினோம், கண்டது எது, கண்டதிலிருந்து ஊகித்தது எது, வேறு என்ன விளக்கம் சாத்தியம் என்பவை எளிய மொழியில் இருக்க வேண்டும். அதை எழுத எந்தப் பொத்தானும் கிடையாது. ஜீன் வழக்கை முடித்ததும் இரண்டு பக்கங்களில் அப்படி ஓர் அறிக்கை எழுதி, கணினி அறிவு அதிகமில்லாத ஒருவரிடம் கொடுத்துக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள்.

வழக்கறிஞராகப் போகிறவர்களுக்கு இத்துடன் போதும். ஆய்வக வேலையை விரும்புபவர்கள் அதே படிமத்தை இரண்டாம் முறை ஸ்லூத் கிட்டின் கட்டளைகளால் ஆராய வேண்டும்: எம்எம்எல்எஸ் கட்டளையால் வட்டின் பிரிவுகளைப் பார்த்து, எஃப்எல்எஸ் கட்டளையால் கோப்புகளைப் பட்டியலிட்டு, ஐகேட் கட்டளையால் ஒரு கோப்பை வெளியே எடுத்து, அதன் ஹாஷ் மதிப்பை ஆட்டாப்சி காட்டியதோடு ஒப்பிட வேண்டும். வணிக மென்பொருட்களுக்கான சான்றிதழ்ப் படிப்புக்குப் பணம் கட்டுவதை அதன் பிறகு யோசிக்கலாம்.