அடிவாரத்து விறகு மண்டி: சின்ன அடுப்புக்குக் காய்ந்த கட்டை தேடி

கார்த்திகை பிறந்துவிட்டால் ஏற்காட்டில் ராத்திரி எட்டு மணிக்கே சுவரைத் தொட முடியாது, அப்படிச் சில்லிட்டுக் கிடக்கும். எங்களுடையது நாகலூர் பக்கம் ஓட்டு வீடு. அம்மாவுக்கு இழுப்பு உண்டு, குளிர் ஆகாது, புகையும் ஆகாது. அதனால் போன வருஷம் சேலத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் சொல்லி, நாலு இஞ்ச் புகைக்குழாய் வைத்த சின்ன இரும்பு அடுப்பு ஒன்று செய்துகொண்டோம். வாய் அரை அடி, உள்ளே ஆழம் ஒரு அடி. மேலே குண்டானை வைத்தால் வெந்நீர், பக்கத்தில் உட்கார்ந்தால் கதகதப்பு. அடுப்பில் ஒரு குறையும் இல்லை, விறகுதான் ஒரு வருஷம் எங்களைப் படாத பாடு படுத்தியது. கடைசியில் கோரிமேட்டைத் தாண்டி அடிவாரம் போகும் ரோட்டில் ஒரு மண்டியில் நல்ல விறகு கிடைத்தது. கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது, ஒரு தகரத்தில் "விறகு, கரி கிடைக்கும்" என்று மட்டும் எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். மலையில் சின்ன அடுப்பு வைத்திருக்கிறவர்களுக்கு உதவட்டும் என்று அந்த மண்டியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில் வேறொரு இடத்தில் வாங்கினோம், அந்தப் பெயர் வேண்டாம். ஐப்பசி மழை விட்டும் விடாமலும் இருந்த நேரம், கிலோ 9 ரூபாய் என்று 300 கிலோ, குட்டியானை வண்டியில் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து இறங்கியது. பார்க்க நல்ல பெரிய கட்டைகள், பட்டையெல்லாம் கருப்பாக, "நல்லா காஞ்ச கட்டைங்க" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அடுப்பில் வைத்ததும் கட்டையின் வெட்டு முனையில் வெள்ளையாக நுரை தள்ளியது, அப்புறம் அது கொதித்துச் சொட்ட ஆரம்பித்தது, உஸ்ஸென்று ஒரு சத்தம் விடாமல் வந்துகொண்டே இருந்தது. தீ பிடிக்கவேயில்லை, கண்ணைக் கரிக்கும் மஞ்சள் புகைதான். ஒரே மாதத்தில் புகைக்குழாயின் உள்பக்கம் தார் மாதிரி ஒரு கருப்புப் பிசின் கெட்டியாக ஒட்டிக்கொண்டது, குழாயைக் கழற்றி இரும்புக் கம்பியால் சுரண்ட வேண்டியதாகிவிட்டது. அம்மா இரண்டு ராத்திரி தூங்கவில்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

அந்த லோடில் ஒரு கட்டையை எடுத்து மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 4 கிலோ 200 கிராம். அதைத் திண்ணையில் வெயில் படுகிற மூலையில் சாத்தி வைத்துவிட்டு, சித்திரையில் திரும்ப அதே தராசில் வைத்தேன், 2 கிலோ 900 இருந்தது. ஒரே கட்டையில் 1 கிலோ 300 கிராம் தண்ணீர் ஆவியாகிப் போயிருக்கிறது. அந்தக் கணக்கைப் பிடித்தால் 300 கிலோ விறகில் 90 கிலோவுக்கு மேல் தண்ணீர், எண்ணூறு ரூபாய்க்கு மேல் கொடுத்துத் தண்ணீரை மலை ஏற்றியிருக்கிறோம். விறகை எடை போட்டு வாங்குகிற ஊரில் ஈரக் கட்டை விற்கிறவருக்கு லாபம், எரிக்கிறவருக்கு இரட்டை நஷ்டம்.

ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்துகொண்டால் விறகு வாங்கும்போது யாரும் ஏமாற்ற முடியாது. அப்போதுதான் வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். நன்றாகக் காய்ந்த விறகில் அது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, அதாவது 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலையிலிருந்து ஆவியாக்கவே 540 கிலோ கலோரி வெப்பம் போய்விடும். ஆனால் அந்த இழப்பைவிடப் பெரிய சேதம் வேறொன்று. விறகு கட்டையாகவே எரிவதில்லை, காய்ந்த மரத்தின் எடையில் முக்கால் பங்கு சூட்டில் வாயுவாகக் கிளம்பி, அந்த வாயுதான் ஜுவாலையாக எரிகிறது, மீதிதான் கங்கு. உள்ளே தண்ணீர் இருந்தால் தீ சூடேறாது, சூடேறாவிட்டால் அந்த வாயு எரியாமல் புகையாகவே போய்க் குழாயில் குளிர்ந்து பிசினாகப் படியும். பெரிய கல்யாண அடுப்பில் தீ பெரிதாக இருப்பதால் ஒரு ஈரக் கட்டை நடுவில் கிடந்தாலும் சமாளித்துவிடும், நம் சின்ன அடுப்பில் ஒரே ஒரு ஈரக் கட்டை மொத்தத் தீயையும் அணைத்துவிடும்.

சரி, மண்டிக்கு வருகிறேன். அதை நடத்துகிற அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நான் போய் முதல் கேள்வியாக "எந்த மரம்மா நல்லது?" என்று கேட்டதும், "மரம் கெடக்கட்டும் கண்ணு, எப்ப வெட்டுனதுன்னு கேளு" என்றார். அப்புறம் குவியலிலிருந்து இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டினார், டங்கென்று மரமணி மாதிரி சத்தம் வந்தது. பக்கத்தில் புதிதாக வந்து இறங்கிய குவியலில் இரண்டை எடுத்துத் தட்டிக் காட்டினார், தொப்பென்று அடங்கிய சத்தம். வெட்டு முனையைப் பார்க்கச் சொன்னார். காய்ந்த கட்டையில் நடுவிலிருந்து ஓரம் வரைக்கும் வெயில் கதிர் மாதிரி வெடிப்பு ஓடியிருந்தது, பட்டையை நகத்தால் நெம்பியதும் தானாகவே கழன்று வந்தது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, வேண்டிய குவியலில் நாமே கட்டைகளைப் பொறுக்கி எடுத்துக்கொள்ளலாம் என்கிறார் பாருங்கள், அந்த ஒன்றுக்காகவே நான் இரண்டு ரூபாய் கூடுதலாகக் கொடுப்பேன். இங்கே கிலோ 11 ரூபாய்தான். மழைக்குத் தகரக் கொட்டகை போட்டிருக்கிறார்கள், ஆடியில் வந்த லோடும் மாசியில் வந்த லோடும் தனித்தனியாகக் கிடக்கின்றன.

நான் ஈரம் பார்க்கும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், இரண்டு ஊசியைக் கட்டையில் குத்தினால் சதவீதம் காட்டும். அதை எடுத்ததும் அந்த அம்மா கோபித்துக்கொள்ளவில்லை, ஆர்வமாகவே பார்த்தார். ஒன்று சொல்ல வேண்டும், வெளிப்பக்கம் குத்தினால் எந்தக் கட்டையும் காய்ந்ததாகத்தான் காட்டும். கோடாலியால் ஒரு கட்டையைப் பிளக்கச் சொல்லி, புதிதாகத் திறந்த உள்முகத்தில் குத்த வேண்டும். அப்படிக் குத்திய மூன்று கட்டைகளில் இரண்டு 16, 17 காட்டின, தடியான ஒன்று மட்டும் 24. அந்தத் தடிகளை விட்டுவிட்டு எடுத்தேன்.

மரத்தைப் பற்றிச் சொல்லாமல் விடவும் முடியாது. மண்டியில் அதிகம் கிடப்பது சீமைக்கருவேலம், கெட்டியான கட்டை, நின்று எரியும், கங்கு வெகுநேரம் இருக்கும், ராத்திரி கடைசியாகப் போட இதைவிட நல்லது எனக்குக் கிடைக்கவில்லை. முள்ளை மட்டும் பார்த்து எடுங்கள். சவுக்கு கிடைத்தால் விடாதீர்கள், நேராக இருக்கும், பிளக்காமலே நம் அடுப்பு வாய்க்குப் பொருந்துகிற பருமனில் கிடைக்கும். தைல மரம் காய்ந்தால் நல்ல சூடு, ஆனால் காய்ந்த பிறகு பிளக்கப் போனால் நார் முறுக்கிக்கொண்டு கோடாலியைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும், பச்சையிலேயே பிளந்ததாகப் பார்த்து வாங்குங்கள். புளியங்கட்டை சூட்டுக்குக் கேட்கவே வேண்டாம், ஆனால் அதைப் பிளக்க இரண்டு ஆள் வேண்டும். முருங்கை, ஒதியன் மாதிரிக் கட்டைகளை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம், ஒதி பெருத்தால் உத்திரமாகுமா என்பார்கள், அடுப்புக்கும் அது ஆகாது.

மலையில் எங்கள் பக்கம் கிடைப்பது சில்வர் ஓக், காப்பிக்கு நிழலுக்கும் மிளகுக் கொடி ஏறவும் வைத்த மரம். லேசாகப் பிளக்கும், சீக்கிரம் காயும், சீக்கிரம் பிடிக்கும், சீக்கிரமே தீர்ந்தும் போகும், அதனால் பற்றவைக்க மட்டும் வைத்துக்கொள்கிறேன். எனக்கு இருப்பதிலேயே பிடித்தது காப்பிக் கட்டைதான். 1820-களில் சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலையில் வைத்த காப்பி இன்றைக்கு எங்கள் அடுப்பு வரைக்கும் வந்திருக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு ஒரு சந்தோஷம். அறுப்பு முடிந்து கவாத்து செய்யும்போதும், வயதான செடியைப் பிடுங்கும்போதும் எஸ்டேட்டில் கேட்டால் விலைக்குக் கொடுப்பார்கள். மணிக்கட்டுப் பருமன்தான், உள்ளே அவ்வளவு கெட்டி, சின்ன அடுப்புக்கென்றே விளைந்தது போல இருக்கும். கேட்காமல் எங்கும் கை வைக்காதீர்கள். காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் விறகு எடுப்பது குற்றம், சந்தன மரம் வளர்கிற மலை இது, வனத்துறைக்காரர்கள் கண்டிப்பாகத்தான் இருப்பார்கள். பட்டா நிலத்து மரமானாலும் மலைப்பகுதியில் வெட்டுவதற்கு அனுமதி வாங்க வேண்டும், 1955-லிருந்தே அதற்குச் சட்டம் இருக்கிறது.

இந்த மண்டியில் எனக்கு இருந்த ஒரே சிரமம் கட்டையின் நீளம். அவர்களுடைய வாடிக்கை கல்யாண மண்டபமும் பேக்கரியும் டீக்கடையும்தான், அதனால் எல்லாம் இரண்டரை அடி, மூன்று அடி நீளம், தொடைப் பருமன். நம் அடுப்புக்கு முக்கால் அடி நீளம், மணிக்கட்டுப் பருமன் வேண்டும். கேட்டால் மிஷின் ரம்பத்தில் அறுத்துத் தருகிறார்கள், கிலோவுக்கு ஒன்றரை ரூபாய் கூடுதல், இரண்டு நாள் ஆகும். அதைக் கொடுத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன், தடித்த கட்டையை வீட்டில் அரிவாளோடு மல்லுக்கட்டுவது பெரிய வேலை, அதோடு சிறிதாகப் பிளந்த கட்டைதான் வீட்டுக்கு வந்த பிறகும் மேற்கொண்டு காயும். அறுத்துக் கொடுத்ததில் அடியில் கொஞ்சம் பட்டையும் தூளும் சேர்ந்து எடையில் ஏறியிருந்தது, அடுத்த தடவை சல்லடைத் தட்டில் அள்ளிப் போடச் சொல்லிவிட்டேன், மறுபேச்சு பேசாமல் செய்தார்கள்.

பிரிக்கெட்டும் ஒரு மூட்டை வாங்கிப் பார்த்தேன், கடலைத் தோலும் மரத்தூளும் அழுத்திச் செய்த உருளை. காய்ந்திருக்கிறவரை நன்றாக எரிந்தது. ஆனால் எங்கள் ஊர் மூடுபனியில் ஒரு வாரம் திறந்து கிடந்ததும் உப்பி, தொட்டால் உதிர ஆரம்பித்துவிட்டது. கீழே சேலத்தில் இருக்கிறவர்களுக்குச் சரியாக வரலாம். பற்றவைக்கக் கொட்டாங்குச்சியும் பன்னாடையும் போதும், மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம்.

அடுப்பில் போடக்கூடாதது பற்றி இந்த ஊர்க்காரர்களுக்கு முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும், அது அரளி. பனமரத்துப்பட்டி பக்கம் பூவுக்காகத் தோட்டம் தோட்டமாக அரளி இருக்கிறது, வெட்டிவிட்ட குச்சி கட்டுக் கட்டாகச் சும்மாவே கிடைக்கும், நன்றாகக் காய்ந்தும் இருக்கும். அதை எரிக்காதீர்கள், அதன் புகையிலும் விஷம் உண்டு. அப்புறம் பிளைவுட் துண்டு, பெயிண்ட் அடித்த பழைய ஜன்னல் சட்டம், இவற்றில் இருக்கிற பசையும் சாயமும் எரிந்து நம் மூக்குக்குத்தான் வரும். கம்பெனிகளில் தள்ளிவிடும் மரத்தட்டுகளை வாங்கினால் முத்திரையைப் பாருங்கள், HT என்று இருந்தால் சூடுபடுத்தியது, MB என்று இருந்தால் மெத்தில் புரோமைடு மருந்துப் புகை போட்டது, அதைத் தொடாதீர்கள். கரியும் மண்டியில் விற்கிறார்கள். கரி புகையாது என்று நம்பிக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடாதீர்கள், வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். எங்கள் அடுப்புக்குக் குழாய் இருந்தும் ஒரு ஜன்னலை நாலு விரல் திறந்துதான் வைக்கிறோம்.

விறகை வாங்கி வந்தபின் தார்ப்பாயால் முழுக்க மூடிக் கட்டுவது மலையில் நிறையப் பேர் செய்கிற தப்பு, நாங்களும் செய்தோம், உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடித்துவிட்டது. இரண்டு வரிசை செங்கல் மேல் அடுக்கி, மேலே மட்டும் தகரம் போட்டு, பக்கவாட்டில் காற்று போக விட்டால் போதும். எடுக்கும்போது தேள் இருக்கிறதா என்று ஒரு குச்சியால் தட்டிப் பாருங்கள்.

மண்டியில் ஜிபே வாங்குகிறார்கள், ஞாயிறு மதியத்துக்கு மேல் ஆள் இருக்காது. மலைக்கு வண்டி வாடகை தனி, பக்கத்து வீட்டோடு சேர்ந்து எடுத்தால் கட்டுப்படியாகும். அடிவாரம் செக்போஸ்டில் கேட்டால் காட்டுவதற்குப் பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எப்போது வாங்குவது என்றால் மாசி, பங்குனியில், குளிர் விட்ட பிறகு, யாரும் விறகைப் பற்றி நினைக்காத நேரத்தில். கார்த்திகையில் போனால் காய்ந்த குவியல் தீர்ந்துபோய் ஆடி லோடுதான் இருக்கும். வரும் மாசிக்கு அரை டன் சொல்லி வைத்துவிட்டேன், பாதி சீமைக்கருவேலம், பாதி சவுக்கு, எல்லாம் முக்கால் அடி. "ஒன் அளவு எனக்குத் தெரியும் கண்ணு, அறுத்து வெச்சுடறேன்" என்றிருக்கிறார் அந்த அம்மா.