வாசலுக்கு எந்தப் பூக்கொடி? முதலில் தண்ணீர்க் குடத்தைக் கேளுங்கள்

தம்பி தன் புதுவீட்டு வாசலில் எட்டடி உயரத்துக்கு இரும்பு வளைவு ஒன்று வைத்திருக்கிறான். கிரகப்பிரவேசம் முடிந்த மறுவாரம் நர்சரியில் நின்றபடி போன் செய்தான். "அண்ணே, காகிதப்பூ, ரங்கூன் மல்லி, சங்குப்பூ மூன்றும் இருக்கின்றன. எதை வாங்கட்டும்?"

"தண்ணீர் யார் ஊற்றப்போகிறார்கள்?" என்று கேட்டேன்.

"வேறு யார், அம்மாதான்."

"அப்படியானால் வாசலுக்குக் காகிதப்பூ வேண்டாம்."

அம்மாவின் கை தாராளமானது. காலையில் ஒரு குடம், சமையல் முடிந்ததும் அரிசி களைந்த தண்ணீர், மாலையில் வெயில் தாழ்ந்த பிறகு இன்னொரு குடம். காகிதப்பூவுக்கு இந்த உபசாரம் ஆகாது. வேர் ஈரத்தில் ஊறிக்கொண்டிருந்தால் அது பூப்பதை மறந்துவிட்டு, இலையும் நீளநீளத் தண்டுமாக ஓடும். சாணமும் தழைச்சத்து உரமும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். என் வீட்டுத் தொட்டியில் இரண்டு வருடம் அப்படித்தான் பச்சையாக நின்றது. ஒரு கோடையில் பன்னிரண்டு நாள் வெளியூர் போய் வந்தேன். பாதி இலை கொட்டி, மீதி துவண்டு கிடந்தது. செத்துவிட்டது என்று நினைத்து ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன். மூன்று வாரத்தில் நுனிக்கு நுனி கருஞ்சிவப்பு. அன்றிலிருந்து இலை வாடிய பிறகுதான் அதற்குத் தண்ணீர். நெடுஞ்சாலை நடுத்திட்டில், தலைக்கு மேல் வெயிலும் எப்போதாவது வரும் லாரித் தண்ணீருமாக அது செழித்து நிற்பதற்கும் இதுதான் காரணம்.

அதில் நாம் பூ என்று சொல்வது பூவே இல்லை. ஒன்றைப் பறித்துப் பிரித்துப் பாருங்கள். நிறமேறிய மூன்று இலைகள். ஒவ்வொன்றின் நடு நரம்பிலும் தீக்குச்சியை விட மெல்லிய ஒரு குழல் ஒட்டியிருக்கும். அதன் முனையில் சின்ன வெள்ளை நட்சத்திரம். அந்த நட்சத்திரம்தான் பூ. அது ஓரிரு நாளில் வதங்கினாலும் நிற இலைகள் வாரக்கணக்கில் நிற்கின்றன. நிறம் நீடிப்பதில் மற்ற இரண்டும் இதன் பக்கத்தில் வர முடியாது. மணம் மட்டும் துளியும் கிடையாது.

சொந்த ஊர் தென்னமெரிக்கா. 1767இல் பூகன்வில் என்ற பிரெஞ்சு மாலுமியின் பயணம் ரியோ டி ஜெனிரோவில் தங்கியபோது, உடன் வந்த தாவரவியலாளர் கொம்மர்சோன் அங்கே சேகரித்தார். 'பூகன்வில்லியா' என்று மாலுமியின் பெயரே கொடிக்கு நிலைத்தது. இன்று புதுச்சேரியின் பிரெஞ்சுத் தெருக்களில், மஞ்சள் சுவருக்கு மேலே அது வழிந்து தொங்குவதைப் பார்த்தால் அங்கேயே பிறந்தது போலத் தோன்றும்.

வாசல் வளைவுக்கு அது வேண்டாம் என்றதற்கு முள்ளும் ஒரு காரணம். அதற்குப் பற்றுக்கம்பிகள் கிடையாது. கொக்கி முள்ளை மாட்டித்தான் சாயும். நாம்தான் கயிற்றால் கட்டிக் கட்டி ஏற்ற வேண்டும். ஒருமுறை கவாத்து செய்தால் மூன்று நாள் விரல் எரியும். குழந்தைகள் குனிந்து ஓடும் வாசலில் கண் உயரத்தில் முள் எதற்கு?

ரங்கூன் மல்லிக்கு அம்மாவின் குடம் எவ்வளவு வந்தாலும் சம்மதம், தண்ணீர் தேங்காமல் இருந்தால் போதும். என் ஓட்டு இதற்குத்தான் என்பதை ஒளிப்பானேன். மாலை ஆறரை மணிக்குக் கொத்தின் அருகே நின்று பாருங்கள். விரல் நீளக் குழலின் முனையில் ஐந்து இதழும் வெள்ளையாக விரியும். மறுநாள் இளஞ்சிவப்பு. அதற்கடுத்த நாள் அடர் சிவப்பாகித் தலை தொங்கும். எல்லாப் பூவும் ஒரே நாளில் மலர்வதில்லை என்பதால் ஒரே கொத்தில் மூன்று நிறமும் இருக்கும். இரவில் வெள்ளையும் வாசனையும் நீள நாக்குள்ள அந்துப்பூச்சிகளை அழைக்கின்றன. நிறம் ஏறிய பிறகு பகலில் தேனீக்களும் தேன்சிட்டும் வருகின்றன. தாவரவியலார் இதற்கு முன்பு வைத்திருந்த பெயர் குவிஸ்குவாலிஸ், லத்தீனில் 'யார்? எத்தகையது?' என்று பொருள். மூன்று நாள் தொடர்ந்து பார்த்தவருக்கு அந்தப் பெயர் பொருத்தமாகத்தான் தோன்றும்.

குறை இல்லாமல் இல்லை. இது அடங்காத கொடி. ஒரே மழைக்காலத்தில் என் வீட்டுச் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக் கொய்யா மரத்தில் ஏறிவிட்டது. அந்த வீட்டு அக்கா முதலில் பூவைப் பார்த்துச் சிரித்தார். கொய்யா காய்ப்பு குறைந்ததும் சிரிப்பு நின்றது. வேரிலிருந்து பக்கக் கன்றுகள் கிளம்பும். அவ்வப்போது தோண்டி எடுக்க வேண்டும். தினமும் காலையில் வாசலில் சிவப்பாகக் கொட்டிக் கிடப்பதைப் பெருக்க வேண்டும். கோலத்தின் மேல் விழுந்தால் அழகு என்பது என் கட்சி. பெருக்குபவரின் கட்சி வேறு. பூ ஓய்ந்ததும் துணிந்து பாதியாக வெட்டிவிடலாம். புதுத் தளிரில்தான் அடுத்த பூ. தொட்டியில் வைக்காதீர்கள், தரையில் விடுங்கள்.

சங்குப்பூவுக்குத் தொட்டியே அதிகம், ஒரு வளர்ப்புப் பை போதும். விதையை இரவு ஊறவைத்து ஊன்றினால் ஒன்றரை இரண்டு மாதத்தில் பூக்கிறது. கயிறோ குச்சியோ, எந்தக் கொழுகொம்பு கிடைத்தாலும் தானே சுற்றிக்கொள்ளும்; கட்டிவிட வேண்டியதில்லை. அவரைக் குடும்பம் என்பதால் மண்ணுக்கும் நல்லது. நீலத்துக்குக் கருவிளை, வெள்ளைக்குச் செருவிளை என்று குறிஞ்சிப்பாட்டிலேயே இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. நான்கு நீலப் பூவை வெந்நீரில் போட்டு எலுமிச்சை பிழிந்தால் நீலம் ஊதாவாகும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்த ஒரு காரணத்துக்காகவே வளர்க்கலாம். ஆனால் பூ ஒருநாள் பூ. தூரத்திலிருந்து பார்த்தால் பச்சைக்கு நடுவே நீலப் புள்ளிகள்தான் தெரியும். எட்டடி வளைவை நிறத்தால் மூட இதனால் ஆகாது. வயதான கொடி அடியில் மொட்டையாகிவிடும், புதிதாக விதைப்பதே மேல்.

தம்பி செங்காந்தளையும் கேட்டான். மாநில மலர், இலை நுனியே சுருண்டு பற்றிக்கொள்ளும், மஞ்சளும் சிவப்புமாகத் தீ எரிவது போல் பூக்கும், எல்லாம் சரி. கிழங்கு கொடிய நஞ்சு. பூத்து முடிந்தால் கொடி காய்ந்து மாதக்கணக்கில் வெறும் கம்பி நிற்கும். தவழும் பிள்ளை இருக்கும் வீட்டில் அந்தப் பேச்சே வேண்டாம் என்றேன்.

அவன் மூன்றையும் வாங்கிவிட்டான். வளைவில் ரங்கூன் மல்லி, சமையலறை ஜன்னல் கம்பியில் சங்குப்பூ. காகிதப்பூத் தொட்டி மொட்டை மாடிக்குப் போயிற்று. முழங்கால் வலியால் அம்மா மாடி ஏறுவதில்லை, தம்பிக்குத் தண்ணீர் ஊற்ற நினைவிருப்பதில்லை. மூன்றில் இப்போது அதிகம் பூத்திருப்பது அதுதான்.