ஆக்சிஜனேற்றியா, ஒடுக்கியா? மூன்று வழிகளில் எது எங்கே சறுக்கும்

ஒரு வினையில் எது ஆக்சிஜனேற்றி (எதிராளியை ஆக்சிஜனேற்றும் பொருள்), எது ஒடுக்கி (எதிராளியை ஒடுக்கும் பொருள்) என்று கண்டுபிடிக்கப் பாடத்தில் மூன்று வழிகள் உண்டு: ஆக்சிஜன்-ஹைட்ரஜன் கணக்கு, எலக்ட்ரான் கணக்கு, ஆக்சிஜனேற்ற எண் (பிணைப்பு எலக்ட்ரான்களை முழுதாகப் பிரித்துக் கொடுத்ததாக வைத்து ஓர் அணுவுக்குப் போடும் மின்சுமை; அது ஏறினால் ஆக்சிஜனேற்றம், இறங்கினால் ஒடுக்கம்). (இலங்கைப் புத்தகங்களில் ஒட்சியேற்றம், தாழ்த்தல் என்றிருக்கும், விஷயம் ஒன்றுதான்.)

முதல் வழி வேகமானது: ஆக்சிஜனைப் பெறுவதோ ஹைட்ரஜனை இழப்பதோ ஆக்சிஜனேற்றம், அதற்கு எதிர்மாறானது ஒடுக்கம். சூடான காப்பர் ஆக்சைடின் மேல் ஹைட்ரஜனைச் செலுத்தினால் கருப்புப் பொடி செம்பாகிறது. காப்பர் ஆக்சைடு ஆக்சிஜனை இழந்து ஒடுங்கியது. ஆகவே அதுதான் ஆக்சிஜனேற்றி. 'ஒடுங்கியது' என்றதும் 'ஒடுக்கி' என்று எழுதிவிடுவதுதான் இங்கே வழக்கமான பிழை. தான் ஒடுங்குவது, எதிராளியை ஆக்சிஜனேற்றுகிறது.

இதே வழி குரோமேட்டில் காலை வாரிவிடும். மஞ்சள் பொட்டாசியம் குரோமேட் கரைசலில் அமிலம் விட்டால் ஆரஞ்சு நிற டைகுரோமேட் வரும். இரண்டு குரோமேட் அயனிகளின் 8 ஆக்சிஜனில் ஒன்று நீராகப் போய்விடுவதால் ஒடுக்கம் போலவே தோன்றும். ஆனால் குரோமியத்தின் ஆக்சிஜனேற்ற எண் இரு பக்கமும் +6. இது ரெடாக்ஸ் (ஆக்சிஜனேற்ற-ஒடுக்க) வினையே இல்லை.

எலக்ட்ரான் கணக்கு அயனிகளுக்குக் கச்சிதம். காப்பர் சல்பேட்டில் துத்தநாகத் தகட்டைப் போட்டால் துத்தநாகம் 2 எலக்ட்ரான் கொடுக்கிறது, காப்பர் அயனி வாங்குகிறது: கொடுப்பது ஒடுக்கி, வாங்குவது ஆக்சிஜனேற்றி. சல்பேட் வேடிக்கை பார்க்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற சகப்பிணைப்பு (அணுக்கள் எலக்ட்ரானைப் பகிர்ந்துகொள்ளும்) மூலக்கூறில் கொடுக்கல் வாங்கல் இப்படிப் பளிச்சென்று தெரியாது.

அங்கே ஆக்சிஜனேற்ற எண்தான் கைகொடுக்கும். பெராக்சைடில் ஆக்சிஜன் −1. பழக்க தோஷத்தில் −2 என்று போட்டால் மூலக்கூறின் கூட்டுத்தொகை பூஜ்ஜியமாகாது. அந்தச் சோதனையை விடக்கூடாது. அமிலம் கலந்த பொட்டாசியம் அயோடைடோடு சேரும்போது −1 என்பது −2 ஆகிறது, பழுப்பாக அயோடின் வெளிவருகிறது: பெராக்சைடு இங்கே ஆக்சிஜனேற்றி. அமிலம் கலந்த பெர்மாங்கனேட்டில் −1 என்பது 0 ஆகிறது, ஊதா மறைந்து ஆக்சிஜன் குமிழிடுகிறது: இங்கே அது ஒடுக்கி. 'பெராக்சைடு ஆக்சிஜனேற்றி' என்று மனப்பாடம் செய்தவர்கள் இந்த இரண்டாவதில் மாட்டுவார்கள்.

விடையில் தனிமத்தை அல்ல, முழுப் பொருளையும் எழுதவேண்டும். மாங்கனீஸ் டை ஆக்சைடும் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் வினைபுரியும்போது மாங்கனீஸ் +4-இலிருந்து +2-க்கு இறங்குகிறது. ஆக்சிஜனேற்றி மாங்கனீஸ் டை ஆக்சைடு. ஒடுக்கி அமிலம், ஆனால் அதன் 4 மோலில் 2 மட்டுமே குளோரினாகிறது. மீதி 2 குளோரைடாகவே உப்பில் தங்கிவிடுகிறது. எண் போட்டுப் பார்க்காமல் இது புலப்படாது.

குளிர்ந்த, நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் குளோரினைச் செலுத்தும் வினையில் இரண்டு பொருள்களைத் தேடவே வேண்டாம். 0-வில் இருந்த குளோரின் ஒரு பாதி −1, மறுபாதி +1: ஆக்சிஜனேற்றியும் ஒடுக்கியும் குளோரினேதான்.