சோப், ரெஸ்ட், ஜிஆர்பிசி: அலுவலகத்துக்குள் எது?

பில்லிங், கிடங்கு, கணக்கு, சம்பளம் என்று நாலு மென்பொருள். நாலும் ஒன்றோடொன்று பேசவேண்டும். அப்படிப் பேசும் வழிகள்தான் சோப் (SOAP), ரெஸ்ட் (REST), ஜிஆர்பிசி (gRPC). எது வேகம் என்றுதான் பலரும் முதலில் கேட்கிறார்கள். நான் கேட்பது வேறு: மறுமுனையில் இருப்பதை நம்மால் மாற்ற முடியுமா?

முடியாதென்றால் அலசவே வேண்டாம். நிறுவனம் முழுவதையும் நிர்வகிக்கும் பழைய ஈஆர்பி மென்பொருள், எக்ஸ்எம்எல் செய்திகளாகப் போய்வரும் சோப் மட்டும் பேசினால் நாமும் சோப்தான். கிழடு என்று கேலி செய்வார்கள். ஆனால் எந்தப் புலம் என்ன வகை என்பதை, சேவையை விவரிக்கும் டபிள்யூஎஸ்டிஎல் (WSDL) கோப்பு சொல்லிவிடும், அதை வைத்தே ஜாவாவும் டாட்நெட்டும் கிளையன்ட் நிரலை, அதாவது அழைக்கும் பக்கத்து நிரலை, உருவாக்கித் தரும். கணக்கு மென்பொருளான டேலி தனி ரகம். எச்டிடிபி வழியே, வழக்கமாக 9000 போர்ட்டில், எக்ஸ்எம்எல் வாங்கும். சோப்பில் உள்ளதுபோல என்வலப், ஹெடர், பாடி எல்லாம் இருக்கிறதே என்று சோப் கிளையன்டோடு போனால் வேலைக்கு ஆகாது.

இருமுனையும் நம் கையில் இருந்தால் போட்டி ரெஸ்ட்டுக்கும் ஜிஆர்பிசிக்கும். ராய் ஃபீல்டிங் 2000இல் ஆய்வேட்டில் விவரித்த ரெஸ்ட்டை முழுசாகப் பின்பற்றுபவர்கள் குறைவு. நடைமுறையில் எச்டிடிபி மேல் ஜேசன் என்ற உரை வடிவத் தரவு, அவ்வளவுதான். எச்டிடிபி கோரிக்கை அனுப்பும் கர்ல் (curl) கட்டளை ஒன்று போதும், சோதித்துவிடலாம். ஒரு பொறி உண்டு: ஜாவாஸ்கிரிப்ட் 9007199254740991ஐத் தாண்டிய முழு எண்களைத் துல்லியமாக வைத்திருக்காது. நீண்ட ஆர்டர் எண்ணைச் சரமாகவே அனுப்புங்கள்.

கூகுள் 2015இல் வெளியிட்ட ஜிஆர்பிசி, எச்டிடிபி/2 மேல் புரோட்டோபஃப் என்ற பைனரி வடிவில் பேசும். கச்சிதம், ஒப்பந்தமும் கறார். ஆனால் உலாவியிலிருந்து நேரடியாக அழைக்க முடியாது, பொதுவாக நடுவே மாற்றிக்கொடுக்கும் புராக்ஸி வேண்டும். இன்னொன்றை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஜிஆர்பிசி ஒரே இணைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லா அழைப்பையும் அதிலேயே அனுப்பும்; சர்வர்களுக்கு இணைப்பை மட்டும் பங்கிடும் சாதாரண லோட் பேலன்சருக்கு உள்ளே போகும் தனித்தனி அழைப்புகள் தெரியாது. மூன்று சர்வர் போட்டும் ஒன்று மூச்சுத் திணறியது, மற்ற இரண்டும் சும்மா கிடந்தன.

சரி, மறுமுனை படுத்துவிட்டால்? பில்லை எச்டிடிபி போஸ்ட் கோரிக்கையாக அனுப்பினோம், பதில் வரவில்லை, மறுபடி அனுப்பினோம்: ஒரே சரக்குக்கு இரண்டு பில். இங்கே செய்திகளைப் பிடித்து வைத்திருக்கும் ரேபிட்எம்கியூ (RabbitMQ) போன்ற வரிசை கைகொடுக்கும், கணக்கு மென்பொருள் எழுந்தபிறகு எடுத்துக்கொள்ளட்டும். வரிசையும் ஒரே செய்தியை இருமுறை தரக்கூடும் என்பதால், பில் எண்ணைப் பார்த்து இரண்டாவதைத் தள்ளும் வேலை பெறுபவருடையது.

அப்புறம் சம்பளம். மாதம் ஒருமுறை, காற்புள்ளியால் பிரித்த சிஎஸ்வி கோப்பு போதும், அதற்கெல்லாம் ஏபிஐ (மென்பொருள்கள் பேசும் இடைமுகம்) எழுதிக்கொண்டிருக்காதீர்கள்.