சட்டத்தை நாமே தேடிப் படிப்பது: டர்பனில் சில ஆண்டுகளாக நான் நம்பிப் பயன்படுத்துபவை

வக்கீலிடம் போவதற்கு முன்பு நம் விவகாரத்தைப் பற்றி நாமே எவ்வளவு தெரிந்துகொள்ள முடியும்? தென்னாப்பிரிக்காவைப் பொறுத்தவரை, பலரும் நினைப்பதைவிட அதிகம். சட்டங்கள், தீர்ப்புகள், அரசிதழ், நீதிமன்றப் படிவங்கள் என எல்லாமே பெரும்பாலும் இலவசமாகக் கிடைக்கின்றன. எதை எதற்குப் பார்ப்பது, எதை எந்த அளவுக்கு நம்புவது என்பதுதான் சிக்கல். நான் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் கணக்கு எழுதிப் பிழைப்பவள். சட்டம் படித்தவள் அல்ல. கோயிலுக்கு வந்து போகும் குடும்பங்களில் யாராவது இறந்துவிட்டால், சொத்துக் காகிதங்களை ஒழுங்குபடுத்த என்னைக் கூப்பிடுவார்கள். அதற்காகப் பல ஆண்டுகளாகப் புரட்டி வருபவற்றைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

தொடக்கம் என் சின்னம்மாவின் விவகாரம். கோயிலில் தாலி கட்டி, ஊரைக் கூட்டிச் சாப்பாடு போட்டு நடந்த திருமணம். அரசுப் பதிவு கிடையாது. அந்தக் காலத்தில் நம்மவர்களில் எத்தனையோ பேருக்கு அப்படித்தான். சித்தப்பா உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்தார். பிள்ளைகள் இல்லை. காரியம் முடிவதற்குள் சித்தப்பாவின் தம்பிகள், “பதிவுச் சான்றிதழ் இல்லாதவர் சட்டப்படி மனைவி இல்லை, வீடு எங்களுக்குத்தான்” என்றார்கள். விசாரிக்கப் போன அலுவலகம் ஒன்றிலும் கவுண்டரில் இருந்தவர் அதையே சொல்லி அனுப்பிவிட்டார். வாழ்நாளெல்லாம் சித்தப்பாவுக்குச் சமைத்துப் போட்ட சின்னம்மா, கடைசி இரண்டு ஆண்டுகள் படுக்கையில் கிடந்தவரைத் தூக்கிக் குளிப்பாட்டியவர், வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்துவிட்டார்.

அன்று இரவுதான் முதன்முதலாக, தென்னாப்பிரிக்கத் தீர்ப்புகளை இலவசமாகத் தரும் இணையத்தளமான சாஃப்லியைத் திறந்தேன். ‘இந்து திருமணம், உயிலில்லா வாரிசுரிமை, மனைவி’ ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களைப் போட்டுத் தேடியபோது, நம் டர்பன் உயர் நீதிமன்றமே 2008 நவம்பரில் கொடுத்த தீர்ப்பு வந்தது. கோவெண்டர் எதிர் ராகவையா. 1987-ஆம் ஆண்டின் உயிலில்லா வாரிசுரிமைச் சட்டத்தில் உள்ள ‘வாழ்க்கைத் துணை’ என்பதில், ஒருதார மணமாக இந்து முறைப்படி நடந்த, பதிவு செய்யப்படாத திருமணத்தில் எஞ்சியிருப்பவரும் அடங்குவார் என்று அதில் தெளிவாக இருக்கிறது. முஸ்லிம் மனைவியர் தொடர்பாக அரசியல் சாசன நீதிமன்றம் 2004-இல் சொன்னதை அடியொற்றி வந்த தீர்ப்பு. அதே சட்டத்தின் முதல் பிரிவு, பிள்ளைகள் இல்லாமல் துணை மட்டும் இருந்தால் சொத்து முழுவதும் துணைக்கே என்கிறது. இரண்டையும் அச்செடுத்து, சின்னம்மாவுக்குத் தமிழில் வரி வரியாகப் படித்துச் சொன்னேன். திருமணப் படங்கள், பூசாரியின் உறுதிமொழிப் பத்திரம், பழைய அழைப்பிதழ் என்று ஆதாரம் சேர்த்தோம். இப்போது வீடு அவர் பெயரில் இருக்கிறது.

சாஃப்லி கேப் டவுன் பல்கலைக்கழகச் சட்டத்துறையோடு இணைந்து, நன்கொடையில் நடப்பது. தீர்ப்புகளைப் பொறுத்தவரை என் முதல் இடமும் கடைசி இடமும் அதுதான். புதியவர்களை மிரட்டுவது தீர்ப்புகளின் எண்கள். [2007] இசட்.ஏ.சி.சி. 21 என்று இருந்தால் பயப்பட வேண்டாம். 2007 ஆண்டு, இசட்.ஏ. தென்னாப்பிரிக்கா, சி.சி. அரசியல் சாசன நீதிமன்றம். 21 அந்த ஆண்டின் வரிசை எண். நடுவில் எஸ்.சி.ஏ. என்று வந்தால் ப்ளூம்ஃபொன்டைனில் உள்ள உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம். கே.இசட். என்பது நம் குவாசுலு-நேட்டால் மாகாண உயர் நீதிமன்றம்: கே.இசட்.டி. என்றால் டர்பன், கே.இசட்.பி. என்றால் பீட்டர்மாரிட்ஸ்பர்க். இந்த எழுத்துகளைப் பார்த்தவுடனே தீர்ப்பின் கனம் தெரிந்துவிடும். அரசியல் சாசன நீதிமன்றம் சொன்னது எல்லோரையும் கட்டுப்படுத்தும். வேறு மாகாணமான கௌடெங்கின் உயர் நீதிமன்றம் சொன்னதை நம் மாகாண நீதிபதி மதித்துப் படிப்பார். பின்பற்றியே தீர வேண்டும் என்பதில்லை.

மேலே சொன்ன எண் நம் மக்கள் எல்லோரும் கேள்விப்பட்ட மூக்குத்தி வழக்கின் எண். டர்பனில் பெண்கள் பள்ளி ஒன்றில் படித்த தமிழ் மாணவி மூக்குத்தி அணியலாமா என்ற வழக்கு. பத்திரிகையில் படித்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். தீர்ப்பையே படித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. தீர்ப்பு படிக்கப் பழக இதைவிட நல்ல பாடம் இல்லை என்பேன். அரசியல் சாசன நீதிமன்றத் தீர்ப்புகளோடு ஊடகங்களுக்கென்று ஒரு சுருக்கக் குறிப்பு வரும். அது நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது என்று அதிலேயே எழுதியிருக்கும். முதலில் அதைப் படித்துவிட்டு உள்ளே போனால் வழி தெரியும். பத்திகள் எண்ணிடப்பட்டிருக்கும், மேற்கோள் காட்டும்போது பக்கத்தைவிட பத்தி எண்ணைத்தான் கேட்பார்கள். தலைமை நீதிபதி லங்கா எழுதியது பெரும்பான்மைத் தீர்ப்பு; நீதிபதி ஓ’ரீகன் சில அம்சங்களில் மாறுபட்டுத் தனியாக எழுதியிருக்கிறார். யார் எழுதிய பகுதியைப் படிக்கிறோம் என்று பார்க்காமல் ஒரு வரியை எடுத்துக்கொண்டு போனால் எதிர்த்தரப்பு சிரிக்கும். சமயம் கட்டாயப்படுத்தாவிட்டாலும், ஒருவர் உளமாரப் போற்றும் பண்பாட்டு வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்று அதில் வருகிறது. அந்தப் பத்திகளைப் படித்தபோது என் பாட்டியின் மூக்குத்தி நினைவுக்கு வந்து கண் கலங்கியது.

தீர்ப்பு கிடைத்தால் மட்டும் போதாது, இன்றும் அது நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு, இறந்தவரின் சொத்திலிருந்து பராமரிப்புத் தொகை கேட்கும் உரிமை இல்லை என்று 2005-இல் வோல்க்ஸ் வழக்கில் அரசியல் சாசன நீதிமன்றம் சொன்னது. 2021 டிசம்பர் 31-இல் புவான்யா வழக்கில் அதே நீதிமன்றமே அந்த நிலைப்பாட்டை மாற்றியது. 2005 தீர்ப்பை மட்டும் வைத்து எழுதிய கட்டுரைகள் இணையத்தில் அப்படியே கிடக்கின்றன. அதனால் வழக்கின் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டு மறுபடி தேடி, பிந்தைய தீர்ப்புகள் அதைப் பற்றி என்ன சொல்கின்றன என்று படித்த பிறகே பயன்படுத்துகிறேன். மிகப் பழைய தீர்ப்புகள் பல சாஃப்லியில் இல்லை. அவற்றுக்கு நூலகம்தான்.

சட்டங்களுக்கு வேறு இடம். அரசின் பொதுத் தளத்தில் சட்டம் நிறைவேறியபோது இருந்த வடிவம் ஒரு பக்கமும், திருத்தச் சட்டங்கள் தனித்தனியாகவும் இருக்கும். வரலாறு பார்க்க அது நல்லது. இன்று என்ன நடைமுறையில் இருக்கிறது என்று பார்க்க ஏற்றதல்ல. லாலைப்ரரி தளம் திருத்தங்களைச் சேர்த்துத் தொகுத்து, எந்தத் தேதி நிலவரம் என்பதை முகப்பிலேயே காட்டுகிறது. எனக்கு இந்தத் தேதிதான் உயிர். தேதி போடாத சட்ட வாசகம் எவ்வளவு அழகாக அச்சிடப்பட்டிருந்தாலும் அதை வைத்து நான் யாருக்கும் ஒரு வார்த்தை சொல்வதில்லை.

அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கணவர் உயிலில்லாமல் இறந்து, மனைவியும் பிள்ளைகளும் இருந்தால், மனைவிக்கு ஒரு பிள்ளையின் பங்கு அல்லது ஒரு குறிப்பிட்ட தொகை, இரண்டில் எது பெரிதோ அது கிடைக்கும். அந்தத் தொகை எவ்வளவு என்று சட்டத்தைத் தேடினால், அமைச்சர் அரசிதழ் அறிவிப்பு மூலம் அவ்வப்போது நிர்ணயிப்பார் என்று மட்டும்தான் இருக்கும். 1,25,000 ராண்டாக இருந்தது 2014 நவம்பர் 24 முதல் 2,50,000 ராண்ட் ஆனது. பக்கத்துத் தெருவில் ஒரு குடும்பம்: இறந்தவரின் பங்குக்கு 8,00,000 ராண்ட், மனைவி, மூன்று பிள்ளைகள். நான்காகப் பிரித்தால் ஆளுக்கு 2,00,000. அதைவிட 2,50,000 பெரிது என்பதால் தாய்க்கு அதுவே முதலில் போகும். மீதி 5,50,000-ஐ மூன்று பிள்ளைகள் பிரித்துக்கொள்வார்கள். பழைய தொகையை நம்பியிருந்த மூத்த மகன் சமமாகப் பிரித்துத் தாளில் எழுதியே வைத்திருந்தான். அரசிதழ் அறிவிப்பைக் காட்டியதும், “அம்மாவுக்குச் சேர வேண்டியது சேரட்டும், அக்கா” என்று தானே கிழித்துப் போட்டான். நல்ல பிள்ளை.

தற்செயலாக, சிறிய சொத்துகளுக்கு முழு நிர்வாகி நியமனம் இல்லாமல் அதிகாரக் கடிதம் மட்டும் வாங்கிக்கொள்வதற்கான வரம்பும் அதே நாளில் அதே 2,50,000-க்கு உயர்ந்தது. அது 1965-ஆம் ஆண்டின் சொத்து நிர்வாகச் சட்டத்தின் 18(3) பிரிவு. இரண்டும் வேறு விஷயங்கள். எண் ஒன்றாக இருப்பதால் குழப்பிக்கொள்கிறார்கள்.

படிவங்களுக்கு நீதித் துறையின் தளமே போதும். இறப்பு அறிவிப்பு ஜே294, சொத்துப் பட்டியல் ஜே243, உறவினர் உறுதிமொழி ஜே192. இவற்றைப் பணம் வாங்கிக்கொண்டு விற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். மனசாட்சி இல்லாத வியாபாரம் அது. எல்லாம் இலவசம். ஒவ்வொரு முறையும் தளத்திலிருந்து புதிதாக இறக்கிக்கொள்ளுங்கள், யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பழைய நகலை நிரப்ப வேண்டாம்.

நூலகத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள ம்சுண்டுசி நகராட்சி நூலகம் நாட்டின் சட்டப்படியான வைப்பு நூலகங்களில் ஒன்று. 1997-ஆம் ஆண்டின் சட்டப்படி நாட்டில் வெளியாகும் நூல்களின் பிரதிகள் அங்கே சேர வேண்டும். திரையில் பார்த்துச் சலித்த கண்ணுக்கு, மேசையில் தாளை விரித்து வைத்துப் படிப்பது எவ்வளவு நிம்மதி என்று போய் உட்கார்ந்தால்தான் தெரியும். கேள்வியைத் தெளிவாக எழுதிக்கொண்டு போனால் நூலகர்கள் தேடித் தர முயல்வார்கள்.

வக்கீல் நிறுவனங்கள் வெளியிடும் கட்டுரைகள் எனக்குக் கைகாட்டி மட்டும். எந்தப் பிரிவு, எந்த வழக்கு என்று தெரிந்துகொள்வேன். பிறகு மூலத்துக்குப் போய்விடுவேன்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளைப் பற்றி இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். 2025 ஜனவரியில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றத்தில், மாவுண்ட்லா வழக்கில், வழக்கறிஞர் தரப்பு காட்டிய தீர்ப்புகளில் பலவற்றை நீதிபதியால் எங்கும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவை இத்தகைய செயலி இட்டுக்கட்டியவை என்ற சந்தேகம் எழுந்தது. விவகாரம் வழக்கறிஞர்களைக் கண்காணிக்கும் சட்டத் தொழில் மன்றத்தின் விசாரணைக்கு அனுப்பப்பட்டது. படித்த வக்கீல்களுக்கே இந்தக் கதி என்றால், வீட்டை இழக்கும் பயத்தில் நள்ளிரவில் கைபேசியைத் தட்டும் ஒரு விதவைப் பெண்ணின் நிலை என்ன? யார் ஒரு வழக்கின் பெயரைச் சொன்னாலும், மனிதரோ இயந்திரமோ, சாஃப்லியிலோ அச்சிட்ட தீர்ப்புத் தொகுதியிலோ கண்ணால் பார்க்கும்வரை அந்த வழக்கு என் தாளில் ஏறாது.

நாமே தேடுவதற்கு எல்லை உண்டு. காசு வாங்கிக்கொண்டு இந்த வேலையைச் செய்ய எனக்கு உரிமை இல்லை. நான் வாங்குவதும் இல்லை. ஒருவருக்கு அழைப்பாணை வந்துவிட்டால், வீட்டைக் காலி செய்யச் சொல்லி நீதிமன்றக் காகிதம் வந்துவிட்டால், தேடலை நிறுத்திவிட்டு அன்றைக்கே வக்கீலிடம் போகச் சொல்வேன். வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் சமரச ஆணையமான சி.சி.எம்.ஏ.-விடம் 30 நாட்களுக்குள் முறையிட வேண்டும். தீர்ப்புகளைப் படித்துக்கொண்டே அந்தக் கெடுவைக் கோட்டைவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்களுக்கு லீகல் எய்ட் அமைப்பின் கட்டணமில்லா எண் 0800 110 110. குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தில் சட்ட உதவி மையமும் இருக்கிறது. போகும்போது ஒரே தாளில் தேதிவாரியாக நடந்தவற்றை எழுதி, சம்பந்தப்பட்ட பிரிவையும் தீர்ப்பின் பத்தி எண்ணையும் குறித்துக்கொண்டு போங்கள். கிடைக்கும் அரை மணி நேரம் முழுவதும் உங்கள் கேள்விக்கே செலவாகும்.