கிரெடிட் கார்டு பாயின்ட்டா, கேஷ்பேக்கா, வெறும் ஜிபேயா?

மாதம் 50,000 ரூபாய் செலவாகிற ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். வாடகையைக் கார்டில் கட்ட முடிந்தாலும் ஒரு சதவீதமோ அதற்கு மேலோ கட்டணம் போடுகிறார்கள், பாயின்ட்டும் பெரும்பாலும் கிடையாது. பால், காய்கறி, வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் சம்பளம், ஆட்டோ எல்லாம் ரொக்கம் அல்லது ஜிபே. கடைசியில் கார்டில் போகக்கூடியது பாதிதான். மாதம் 25,000, வருடத்துக்கு 3 லட்சம். யூடியூபில் கார்டு சிபாரிசு செய்பவர்கள் பலர் இந்த மற்றொரு பாதியைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

அந்த 3 லட்சத்தை மூன்று வழியில் செலவு செய்து பார்ப்போம்.

முதலில் பாயின்ட் கார்டு. 150 ரூபாய்க்கு 4 பாயின்ட், வருடக் கட்டணம் 2,500 என்று வைத்துக்கொள்வோம். இந்த ரகக் கார்டுகளின் கணக்கு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். வருடத்தில் 8,000 பாயின்ட் சேரும். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் ஒரு பாயின்ட் என்பது ஒரு ரூபாய் அல்ல. வங்கியின் தளத்திலேயே விமான டிக்கெட் எடுத்தால் 50 பைசா, பில்லில் கழிக்கச் சொன்னால் 20 பைசா என்றால், அதே 8,000 பாயின்ட் ஓரிடத்தில் 4,000 ரூபாய், இன்னோரிடத்தில் 1,600 ரூபாய். கட்டணத்தோடு 18% ஜிஎஸ்டி சேர்த்து 2,950 ரூபாய் போகிறது. விமானம் ஏறினால் 1,050 ரூபாய் லாபம். ஏறாவிட்டால் 1,350 ரூபாய் நஷ்டம்.

இத்தனை லட்சம் செலவு செய்தால் கட்டணம் தள்ளுபடி என்று பல கார்டுகளில் ஒரு நிபந்தனை இருக்கும். நான் அதில் மாட்டியிருக்கிறேன். கார்டு வருடம் முடிய இரண்டு வாரம் இருந்தபோது அந்தத் தொகையை எட்ட 9,000 ரூபாய் குறைந்தது. வீட்டுக்கு ஏர் ஃபிரையர் வந்தது. கட்டணம் மிச்சமானது உண்மை. ஏர் ஃபிரையர் இப்போது பரணில் இருக்கிறது.

அப்புறம் இந்தப் பாயின்ட்டுக்கு விலை வைப்பது வங்கிதான். இன்று 50 பைசா என்றால் அடுத்த வருடம் 35 ஆக்கலாம், ஒரு மெயில் அனுப்பினால் போதும். விமான நிலைய லவுஞ்ச் இலவசம் என்று சேர்ந்தவர்கள் பலருக்கு, முந்தைய காலாண்டில் இவ்வளவு செலவு செய்திருந்தால்தான் உள்ளே விடுவோம் என்ற விதி பிற்பாடு வந்தது. இந்தக் கார்டால் நிஜமாகவே லாபம் பார்ப்பவர்கள் ஒரு ரகம்: அலுவலகப் பயணச் செலவைத் தங்கள் கார்டில் போட்டு, கம்பெனியிடம் பணத்தை வாங்கிக்கொள்பவர்கள். செலவு கம்பெனியுடையது, பாயின்ட் தங்களுடையது. அவர்களைப் பார்த்து நாம் கார்டு வாங்கக் கூடாது.

இரண்டாவது, வருடக் கட்டணம் இல்லாத கேஷ்பேக் கார்டு, அதாவது செலவில் ஒரு பங்கைப் பணமாகவே திருப்பித் தருவது. அமேசான் பே ஐசிஐசிஐ கார்டு போன்றவை. அமேசானில் பிரைம் உறுப்பினருக்கு 5%, மற்றவருக்கு 3%, வெளியில் பெரும்பாலும் 1%. பெட்ரோல், நகை போன்றவற்றுக்குக் கிடையாது. நம் வீட்டின் 25,000-ல் 5,000 அமேசானில் போகிறது என்றால், 3% கணக்கில் 150 ரூபாய், மீதி 20,000-க்கு 200. மாதம் 350, வருடத்துக்கு 4,200. இதில் கழிக்க எதுவுமில்லை, பாயின்ட்டை எங்கே பணமாக மாற்றுவது என்ற தலைவலியும் இல்லை. பிரைம் எடுத்தால் இன்னும் கூடுமே என்றால், கூடுவது 1,200 ரூபாய், பிரைமுக்குக் கொடுப்பது 1,499. படம் பார்ப்பதற்காக எடுத்தால் சரி.

மூன்றாவது, கார்டே வேண்டாம், ஜிபே போதும் என்பவர்கள். ரிவார்டு என்று பார்த்தால் சுழியம். ஸ்கிராட்ச் கார்டில் வரும் கூப்பன்களை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் காரணம் தெரிந்துகொள்ள வேண்டும். 2020 ஜனவரி முதல், ஜிபே வழியாக வங்கிக் கணக்கிலிருந்து போகும் யுபிஐ பணத்துக்குக் கடைக்காரர் கமிஷன் கட்டுவதில்லை. கிரெடிட் கார்டு தேய்த்தால் 2% அளவில் கட்டுகிறார். நமக்கு வரும் கேஷ்பேக் பெரும்பாலும் அந்தப் பணத்திலிருந்தும், பில்லை முழுதாகக் கட்டாதவர்களின் வட்டியிலிருந்தும்தான் வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015-ல் இந்தக் கமிஷனில் கிரெடிட் கார்டு வழங்கும் வங்கிக்குப் போகும் பங்கை, பில் தொகையில் 0.3 சதவீதத்தோடு நிறுத்தினார்கள். அங்கே தாராளமான ரிவார்டு கார்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இங்கே எலக்ட்ரானிக்ஸ் கடையில் ‘கார்டுன்னா ரெண்டு பர்சன்ட் எக்ஸ்ட்ரா சார்’ என்றால், 1% கேஷ்பேக்குக்காக 2% கொடுக்கிறோம் என்று அர்த்தம். அங்கே ஜிபேதான் ஜெயிக்கிறது.

ஆக, கேஷ்பேக் கார்டுக்கும் ஜிபேக்கும் வருடத்துக்கு 4,200 ரூபாய் வித்தியாசம். 3 லட்சத்தில் 1.4%. கார்டு கையில் இருப்பதால் நூறு ரூபாய்க்கு ஒன்றரை ரூபாய் கூடச் செலவானாலே இது காலி. அப்படிக் கூடுமா? அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆய்வாளர்கள் கூடைப்பந்து டிக்கெட்டை ஏலம் விட்டுப் பார்த்தார்கள், 2001-ல் வெளியான ஆய்வு அது. கார்டில் கட்டச் சொல்லப்பட்டவர்கள், ரொக்கம் கொடுக்க வேண்டியவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு விலைக்கு ஏலம் கேட்டார்கள். ஜிபேயிலும் காசு கைவிட்டுப் போவது தெரிவதில்லைதான். ஆனால் கணக்கில் இருப்பு தீர்ந்தால் அது நின்றுவிடும்.

இதைவிடப் பெரிய ஓட்டை வட்டி. 25,000 ரூபாய் பில்லுக்கு மினிமம் டியூ, அதாவது குறைந்தபட்சம் கட்ட வேண்டிய தொகை, 1,250 மட்டும் கட்டுகிறீர்கள். மீதி 23,750-க்கு மாதம் 3.75% என்றால் 890 ரூபாய், ஜிஎஸ்டியோடு 1,050. நான்கு மாதம் இப்படி ஓட்டினால் ஒரு வருடக் கேஷ்பேக் போய்விட்டது. உண்மையில் அதற்கு முன்பே போய்விடும், ஏனென்றால் பாக்கி வைத்தால் புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லாத நாட்கள் கிடையாது, வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். வருடத்துக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது.

என்னைக் கேட்டால், மாதச் சம்பளம் சீராக வந்து, கார்டு வருவதற்கு முன்பே மாதக் கடைசியில் கொஞ்சம் மிச்சம் பிடித்தவர் கேஷ்பேக் கார்டு ஒன்று வைத்துக்கொள்ளலாம். மாதக் கடைசியில் கைமாற்று வாங்குபவர் ஜிபேயோடு நிற்பதுதான் லாபம். பாயின்ட் கார்டு வருடத்துக்கு நாலைந்து முறையாவது விமானம் ஏறுபவருக்கு.

கார்டு வாங்கினால், ஆட்டோ டெபிட் போடும் பக்கத்தில் ‘டோட்டல் அமவுன்ட் டியூ’ என்பதை டிக் செய்யுங்கள். பக்கத்திலேயே ‘மினிமம் அமவுன்ட் டியூ’ என்று இன்னொரு கட்டம் இருக்கும்.