திரீ பேஸ் லேத், சிங்கிள் பேஸ் வீடு: வன்னிப் பட்டறைக்கு எது பொருந்தும்?

கொழும்பில் பாவித்த, இரும்பு கடையும் லேத் ஒன்றை நல்ல விலைக்கு வாங்கி, லொறியில் ஏற்றிப் புதுக்குடியிருப்பில் இறக்கிய பிறகுதான் பலர் மோட்டரின் தகட்டைப் பார்க்கிறார்கள்: 400 வோல்ட், திரீ பேஸ், அதாவது மூன்று கரண்ட் கம்பியில் ஓடுவது. வீட்டுக்கு வருவதோ 230 வோல்ட், சிங்கிள் பேஸ், ஒரே கரண்ட் கம்பி. லான்ட்மாஸ்டர் என்ற இருசக்கர உழவு மெசினுக்குப் புஷ் கடைவதும் தண்ணீர்ப் பம்புக்குச் சாஃப்ட் கடைவதும் நல்ல தொழில். அதைத் தொடங்க முன்னரே மெசின் படங்குக்குள் கிடந்து கறள் பிடிப்பதைப் பார்க்க மனம் பொறுக்காது. இருக்கிற வழிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் ஒழுங்கையில் நின்று மின்கம்பத்தை அண்ணாந்து பாருங்கள். மூன்று பேஸும் நியூட்ரலும் உங்கள் வாசலால் போகிறதென்றால் மின்சார சபைக்கு விண்ணப்பித்துத் திரீ பேஸ் இணைப்பு எடுக்கலாம். இரண்டு கம்பி மட்டும் வருகிற உள் ஒழுங்கை என்றால், புதுக் கம்பிக்கும் கம்பத்துக்குமான செலவு உங்கள் தலையில் விழும். லேத், மில்லிங், கொம்பிரசர், வெல்டிங் பிளான்ட் என்று எல்லாம் ஓடப்போகும் பட்டறைக்கு இந்த இணைப்புத்தான் முதல் தெரிவு. மோட்டரில் கை வைக்கவே தேவையில்லை. ஒரே ஒரு லேத்துக்காக இவ்வளவு தூரம் போகத்தான் வேண்டுமா என்பது வேறு கேள்வி.

ஆக மலிவான வழி கப்பாசிற்றர். மோட்டரின் மூன்று கொயிலையும் முக்கோணமாக, அதாவது டெல்டாவில் கட்டி, மூன்றாவது முனைக்கு ஒரு ரன் கப்பாசிற்றர் போடுவது. கிலோவாட்டுக்கு 70 மைக்ரோஃபரட் என்பது பொதுக் கணக்கு. மோட்டர் சுற்றும், ஆனால் வலுவில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும், புறப்படும்போது இழுவை இன்னும் மோசம். துளையிடும் மெசினுக்குப் போதும். கடையும் துண்டைப் பிடிக்கும் சக் பாரமாகப் பூட்டிய லேத்துக்கு நான் சொல்லமாட்டேன்.

மோட்டரையே மாற்றி, 1.5 கிலோவாட் சிங்கிள் பேஸ் ஒன்றைப் பூட்டுவது நம் ஊருக்கு நன்றாகப் பழகிய வழி. எரிந்தால் கொயில் கட்ட ஆள் உண்டு, கப்பாசிற்றர் எங்கும் வாங்கலாம். குறை இரண்டு. ஸ்டார்ட்டில் ஓடும் கரண்டைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளில் பின்னேரம் வோல்ட் இறங்கியிருக்கும் நேரம் மோட்டர் உறுமிக்கொண்டு நிற்கும். அடுத்தது, சிங்கிள் பேஸ் மோட்டரின் இழுவை செக்கனுக்கு 100 தரம் ஏறி இறங்குவது. அந்த அதிர்வு கடைந்த முகத்தில் மெல்லிய வரியாகத் தெரியும். புஷ்ஷுக்குப் பரவாயில்லை, பெயரிங் உட்காரும் இடத்துக்கு எனக்குப் பிடிக்காது.

ரோட்டரி கொன்வேட்டர் என்பது பெரிய திரீ பேஸ் மோட்டர் ஒன்றைச் சும்மா ஓடவிட்டு அதிலிருந்து மூன்றாவது பேஸை எடுப்பது. லேத் மோட்டரைவிட ஒன்றரை மடங்காவது பெரிதாக இருக்கவேண்டும். பழைய அரிசி மில் மோட்டர் கையில் இருப்பவருக்கு, பல மெசின்களுக்கும் ஒன்று போதும் என்பதால் கணக்குச் சரிவரும். ஆனால் நாள் முழுக்க இரைச்சல், சும்மா ஓடினாலும் மீற்றர் சுற்றும், 400 வோல்ட் மோட்டருக்கு இடையில் ட்ரான்ஸ்போமர் வேறு வேண்டும்.

ஒரு லேத், ஒரு வீடு என்றால் என் தெரிவு வீ.எஃப்.டி. (வேரியபிள் ஃப்ரீக்குவன்சி ட்ரைவ்). வீட்டுக் கரண்டை உள்ளே ஏறக்குறைய 325 வோல்ட் டீ.சீ. ஆக்கி, அதை வேகமாக வெட்டி மூன்று பேஸாக வெளியே விடுகிற பெட்டி அது. மெதுவாகத் தொடங்குவதால் ஸ்டார்ட் இழுப்பு இல்லை. 1.5 கிலோவாட் லேத் முழு வேலையில் லைனிலிருந்து 12 முதல் 15 அம்பியர் எடுக்கும், வீட்டு 30 அம்பியர் இணைப்புத் தாங்கும். மெசின் ஓடும்போதே வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். கடைந்த முகமும் வழுவழுப்பாக வரும்.

ஆனால் சாதாரண வீ.எஃப்.டி.க்கு 230 கொடுத்தால் வெளியே வருவதும் 230 தான். அதனால் வாங்க முதல் மோட்டரின் இணைப்புப் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஆறு போல்ட், அவற்றை இணைக்கும் சின்னப் பித்தளைப் பட்டிகள். பட்டிகள் குறுக்கே கிடந்தால் ஸ்டார் (மூன்று கொயிலின் ஒரு முனை ஒன்றாக முடிந்திருக்கும்), மேலும் கீழுமாக நிமிர்ந்து நின்றால் டெல்டா. தகட்டில் 230/400 என்றிருந்தால் பட்டிகளைக் கழற்றி நிமிர்த்திப் பூட்டினால் வேலை முடிந்தது. 400/690 என்றிருந்தால் அந்த மோட்டர் 230இல் வலுவிழந்துதான் ஓடும். பழைய இங்கிலாந்து லேத்துகள் பலவற்றில் 415 வோல்ட், வெளியே மூன்றே கம்பி. ஸ்டார் முடிச்சு கொயிலுக்குள் புதைந்திருக்கும். அதை அவிழ்த்து இன்னும் மூன்று முனைகளை வெளியே எடுக்க, கொயில் கட்டுகிற கைதேர்ந்த ஒருவரால் முடியும். வார்னிஷ் காய்ந்து பொரிந்த கொயிலென்றால் அதில் கை வைக்காமல் 230/400 மோட்டர் ஒன்றைத் தேடுவதே நல்லது.

வேகத்தைக் குறைக்கலாம் என்பதற்காக பெல்ட்டையும், லேத்தின் தலைக்குள் இருக்கும் பக் கியரையும் மறந்துவிடக் கூடாது. வழமையான 50 ஹேர்ட்ஸுக்குப் பதில் 25 ஹேர்ட்ஸில் ஓட்டினால் வேகம் பாதி, வலுவும் பாதி. பக் கியர் வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும், வீ.எஃப்.டி. அப்படிக் கூட்டாது. ட்ரக்டர் பிரேக் ட்ரம் கடைய பக் கியர்தான் வேண்டும். மோட்டரின் விசிறியும் அதே சாஃப்ட்டில்தான் இருக்கிறது, ஆறுதலாக நெடுநேரம் ஓடினால் மோட்டர் சுடும். மைஃபோர்ட் என்ற இங்கிலாந்துச் சிறு லேத் போல சக்கை மரையில் திருகும் லேத்தில் சடுதியாக நிறுத்துவதும் பின்பக்கம் சுற்றவிடுவதும் ஆபத்து, சக் கழன்று வரும். நிற்கும் நேரத்தைச் சில செக்கன்களாக வையுங்கள்.

வன்னியில் இந்தப் பெட்டிக்கு எதிரி தூசி. சோழகம் வீசும் மாதங்களில் செம்மண் தூசி விசிறியால் உள்ளே போகும், இரும்புத் துகளும் சேர்ந்தால் போர்ட் எரியும். பல்லியும் எறும்பும் அதே துவாரத்தால் வரும். பெரிய இரும்புப் பெட்டிக்குள், காற்று வரும் வாயில் வடிகட்டி போட்டு, கிரைண்டரிலிருந்து தள்ளிப் பூட்டுங்கள். இடிமின்னல் நேரம் லைனைக் கழற்றிவிடுங்கள். வீட்டு ட்ரிப் சுவிச் 30 மில்லி அம்பியர் என்றால், வீ.எஃப்.டி.யின் ஃபில்டர் எர்த்துக்கு விடும் கசிவிலேயே அது விழக்கூடும். அதற்காக எர்த் கம்பியைக் கழற்றுவது உயிரோடு விளையாடுவது. வீ.எஃப்.டி.க்கு ஏற்ற ட்ரிப் சுவிச்சைத் தனி லைனில் போடவேண்டும். கோடையில் நிலம் காய்ந்தால் எர்த் தடையும் ஏறும், அதை அந்த மாதங்களில் மின்னியலாளர் ஒருவரைக் கொண்டு அளந்து பாருங்கள்.

லேத்தின் பழைய சுவிச்சை வீ.எஃப்.டி.க்கும் மோட்டருக்கும் நடுவில் விடாதீர்கள். ஓடும்போது அதைத் திறந்தால் வீ.எஃப்.டி. பழுதாகும். அந்தச் சுவிச்சின் நெம்பை வீ.எஃப்.டி.யின் கட்டுப்பாட்டு முனைகளுக்கு இழுத்துவிடலாம். கரண்ட் போய் வந்தால் தானாக ஓடத் தொடங்கும் அமைப்பு அதில் இருக்கும், அதை நிறுத்தியே வையுங்கள். நெம்பு ஓடும் நிலையில் கிடக்கும்போது கரண்ட் திரும்பினாலும் லேத் அசையக் கூடாது. அதைச் சக்கில் ஒன்றும் பூட்டாமல், மெயின் சுவிச்சைப் போட்டு எடுத்துச் சோதித்த பிறகே முதல் துண்டைப் பூட்டுங்கள்.